விலகல்நோய்: பெயர்களின் வழியே ஒரு வரலாறு

நோய்க்கு இடப்படும் பெயர் அந்நோயைச் சுட்டும் அளவில் நின்றுவிடுவதில்லை. அதனை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதனையும் அதுவே கற்பிக்கின்றது. உடல்நோயில் பெயர் பிழைபட்டாலும் கருவிகளும் ஆய்வுக்கூடமும் உண்மையைக் காட்டிவிடக் கூடும். உளநோயில் நோயுற்றார் சொல்லும் சொல்லே பெரும்பாலும் சான்றாதலின், பெயர் பிழைபடின் மருத்துவமும் பிழைபடும். இதனை விளக்குதற்கு, இன்று விலகல்நோய் என வழங்கும் உளநோய் வகையின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

கடந்த 150 ஆண்டுகளில் இந்நோய் பெற்ற பெயர்கள் பல. அவற்றை ஆராயின் இருவேறு கருத்துகள் அவற்றின் அடியில் நிற்கக் காணலாம். ஓருடலில் ஒருவர்க்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர் என்பது ஒன்று. ஒருவராய்த் திரண்டு நிற்க வேண்டிய உள்ளம் திரளாது நின்றது என்பது மற்றொன்று. முன்னதைப் பன்மைக் கருத்து என்றும், பின்னதைக் குறைவுக் கருத்து என்றும் குறிக்கலாம். பின்னதே நோயின் இயல்புக்கு அண்மையது என்பதும், நம் தமிழ் வழக்கும் அதனையே தழுவுதல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாம்.

முதற்கண் நோயின் இயல்பு கூறுதும். நினைவு, உணர்ச்சி, புலனறிவு, உடலியக்கம், ‘யான்’ என்னும் தன்னுணர்வு ஆகியவை நலமுடைய உள்ளத்தில் ஒன்றோடொன்று இணைந்து இயங்குகின்றன. அவ்விணைப்பு நெகிழ்தலே விலகல் எனப்படும். நூலொன்றில் ஆழ்ந்திருப்பவர் அருகில் நின்று அழைப்பாரது குரலைக் கேளாமையும், பழகிய வழியே நடந்து வீடு சேர்ந்தவர் வழியில் கண்டவற்றை நினைவுகூர மாட்டாமையும் இதன் எளிய வடிவங்கள். இவை நோயல்ல. வாழ்வின் ஒரு பகுதியே நினைவினின்று மறைதல், தம்மைத் தாமே புறத்தே நின்று காண்பதுபோல் உணர்தல், சூழவுள்ள உலகம் மெய்யன்று எனத் தோன்றல், தம் பெயரும் ஊரும் மறந்து அலைதல், வெவ்வேறு தன்மைகள் மாறிமாறி உடலை ஆளுதல் என்பனவாக இது முற்றும்போதே நோயாகின்றது.

பிரான்சு நாட்டுப் போர்தோ நகர மருத்துவர் யூஜீன் அஸாம் என்பார் 1858-இல் பெலிதா என்னும் இளம்பெண்ணைக் கண்டார். அவள் தையல் தொழிலாற் பிழைத்தவள். பெரும்பொழுதும் வாட்டமும் நோவும் உடையவள். இடையிடையே சிறு துயில் போன்றதொரு நிலை அவளுக்கு உண்டாகும். அதனினின்று விழித்ததும் மலர்ந்த முகத்தினளாய்ச் சுறுசுறுப்புடன் இயங்குவாள். இவ்விரண்டாம் நிலையில் இரு நிலைகளின் நிகழ்ச்சிகளும் அவளுக்கு நினைவிருக்கும். முதல் நிலைக்கு மீண்டதும் இரண்டாம் நிலையில் நிகழ்ந்தன யாவும் மறைந்துவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டாம் நிலையே அவள் வாழ்வின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. அஸாம் இச்செய்திகளை 1876-இல் வெளியிட்டு, இந்நிலைக்கு ‘இரட்டை உணர்வு’ எனப் பெயரிட்டார். வாட்டமும் மறதியும் உள்ள நிலையை இயல்பு என்றும், நினைவும் மகிழ்ச்சியும் நிறைந்த நிலையை நோய் என்றும் அவர் கொண்டது எண்ணத்தக்கது. இரண்டெனக் கொண்டபின் எது மெய், எது பொய் என்னும் வினா தானே எழுந்துவிடுகின்றது. இரு நிலைகளும் ஒருத்தியின் இரு பாதிகளே என்னும் எண்ணத்திற்கு அப்பெயர் இடந்தரவில்லை.

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த மற்றொன்றும் கருதத்தக்கது. ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த சமயப் பரப்பாளர் ஆன்சல் போர்ன் என்பவர், 1887 சனவரியில் பிராவிடன்சு நகர வங்கியில் 551 டாலர் பெற்றுக்கொண்டு காணாமற் போனார். பென்சில்வேனியா மாநிலத்து நாரிசுடவுன் என்னும் ஊரில் பிரவுன் என்ற பெயருடன் சிறு கடையொன்று வைத்து அமைதியாக வாழ்ந்திருந்தார். மார்ச்சு 14 அன்று விழித்தெழுந்தவர், தாம் எங்குள்ளோம் என்று அறியாது அஞ்சி அக்கம்பக்கத்தாரை வினவினார். கடையும் பிரவுன் என்ற பெயரும் அவர்க்கு முற்றும் புதியனவாயிருந்தன. 1890-இல் உளநூல் அறிஞர் வில்லியம் சேம்சு அவரை அறிதுயிலில் ஆழ்த்தினார். பிரவுனாக வாழ்ந்த நாள்களின் நினைவு மீண்டது. ஆயினும் இரு நினைவுகளையும் ஒன்றாக இணைக்க அவ்வறிஞர் முயன்றும் இயலவில்லை. நினைவு அழியாது எங்கோ உளது என்பதும், அதனை வெளிக்கொணர்தல் வேறு, வாழ்வோடு இணைத்தல் வேறு என்பதும் இதனாற் புலனாகும்.

இணைப்பே முதன்மையானது என்று கண்டு கூறியவர் பியர் சானே (1859–1947). ஆவ்ர் நகரில் மெய்யியல் ஆசிரியராயிருந்தபோதே நோயுற்றாரை நெருங்கி ஆராய்ந்த அவர், 1889-இல் தம் ஆய்வுநூலை வெளியிட்டார். பின்னர்ப் பாரிசு நகரின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் சார்க்கோவின் கீழ்ப் பணியாற்றினார். உள்ளத்தின் தலையாய தொழில் தொகுத்தல் என்பது அவர் கொள்கை. பேரதிர்ச்சியோ பெருஞ்சோர்வோ நேருங்கால் தொகுக்கும் ஆற்றல் தளர்கின்றது. தாங்கவொண்ணாத நிகழ்ச்சியின் நினைவு, ‘யான்’ என்னும் தொகுதியுட் சேராது தனித்து நின்று தானே இயங்குகின்றது. இதனை அவர் ‘தொகுதி குலைதல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லாற் குறித்தார்.

அவர் ஐரீன் என்ற புனைபெயரால் விளக்கும் பெண்ணின் வரலாறு இதற்குச் சான்று. தன் தாயை நெடுநாள் இரவும் பகலும் பேணிய அவள், தாய் இறந்தபின் அவ்விறப்பையே மறந்தாள். தாய் இறந்தாள் என்று பிறர் சொல்லத் தான் அறிந்ததாகக் கூறினாளே யன்றி, அத்துயர் அவளிடம் தோன்றவில்லை. ஆயினும் சிலபோது ஒழிந்த படுக்கையொன்றை நோக்கியவாறே நின்று, தாய் இறந்த இரவின் செயல்கள் அனைத்தையும் ஒன்றும் விடாது மீண்டும் நிகழ்த்துவாள். சொல்லத் தெரியாதது செயலாக மீண்டது. இறப்பை ஒரு கதையாகச் சொல்லவும், சொல்லுங்கால் அழவும் அவளாற் கூடியபோதே நலம் வந்தது என்பது சானேயின் முடிபு. இங்கே இரண்டாமவள் ஒருத்தி இல்லை. ஒருத்தி தன் துயரைத் தனதாக்கிக்கொள்ள இயலாமையே உண்டு.

இத்துணைத் தெளிவுடைய கொள்கை நிலைபெறவில்லை. 1893-இல் சார்க்கோ மறைந்தபின் அறிதுயில் ஆராய்ச்சி மதிப்பிழந்தது. பிராய்டும் பிராயரும் 1895-இல் வெளியிட்ட நூல் சானேயின் கருத்துக்கு அணித்தாயிருப்பினும், பின்னர்ப் பிராய்டு வகுத்த ஒடுக்கற் கொள்கையே உலகெங்கும் பரவிற்று. 1908-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர், முற்றிலும் வேறான ஓர் உளநோய்க்குக் கிரேக்க மொழியிலிருந்து ‘உளப்பிளவு’ எனப் பொருள்படும் பெயரை ஆக்கினார். எண்ணமும் உணர்ச்சியும் தம்முள் இயைபு இழத்தலையே அவர் கருதினார். பொதுமக்களோ அப்பெயரைக் கேட்டு ஒருவர் இருவராதல் என்று கொண்டனர். இல்லாத குரலைக் கேட்டல் இரு நோய்களிலும் உண்டாதலின் மயக்கம் மிகுந்தது. முதல் உலகப்போரில் படைவீரர்தம் அதிர்ச்சிநோயை ஆராய்ந்த சார்லசு மையர்சு, இயல்பாகத் தோன்றும் ஆளுமை, உணர்ச்சியுள் ஆழ்ந்த ஆளுமை என இரண்டை அவர்களிடம் கண்டு 1940-இல் எழுதினார். அதுவும் நெடுங்காலம் போற்றப்படவில்லை.

பன்மைக் கருத்துக்குப் புத்துயிர் அளித்தவை மக்கள் விரும்பிப் படித்த நூல்களும் திரைப்படங்களும் ஆகும். ஏவாள் என்ற புனைபெயருடைய பெண்ணின் மூன்று முகங்களைக் கூறும் நூலும் படமும் 1957-இலும், சிபில் என்னும் நூல் 1973-இலும் வெளிவந்தன. 1980-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகை நூல் ‘பல்லாளுமை நோய்’ என்ற பெயரை ஏற்றது. அதன்பின் இந்நோய் உடையார் எனக் கணிக்கப்பட்டோர் தொகை அந்நாட்டிற் பெருகிற்று. மருத்துவர் அறிதுயிலில் வினவிய வினாக்களே ஆளுமைகளையும் பொய்ந்நினைவுகளையும் விளைத்தன என ஒரு சாரார் மறுத்தனர். இளமையில் உற்ற கொடுமையே காரணம் என மற்றொரு சாரார் நிறுவினர். வழக்கு மன்றங்கள் வரை சென்ற அப்பூசல் இன்றும் முற்றும் ஓயவில்லை. எனினும் 1994-இல் அந்நூலின் நான்காம் பதிப்பு ‘பல்லாளுமை’ என்பதனை நீக்கி, ‘விலகல் அடையாள நோய்’ என மாற்றியது. குறைபாடு ஆளுமைகள் மிகுதியாதலில் இல்லை, ஓர் அடையாளம் நிரம்பாமையில் உளது என்பதே மாற்றத்தின் பொருள். நூறாண்டு கழித்துச் சானேயின் கருத்து மீண்டது என்னலாம்.

இனித் தமிழ்நாட்டு வழக்கை நோக்குவாம். 2005-இல் வெளிவந்த ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ என்னும் இரு திரைப்படங்களும் இந்நோயைச் சிற்றூர்வரை அறியச் செய்தன. பேய் எனப்பட்டது நோயாதல் கூடும் என உணர்த்தியது அவற்றின் நன்மை. ஆனால் நோயுற்றார் பிறரைக் கொல்லத் துணிவர் என்ற அச்சத்தையும் அவை உடன் விதைத்தன. உண்மையில் இந்நோயுடையார் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளலும் தற்கொலைக்கு முயலலுமே பெரிதும் அஞ்சத்தக்கன.

தெய்வமேறி ஆடுதல் அனைத்தும் நோயெனக் கொள்ளுதலும் பிழையே. 2022 சனவரி முதல் நடைமுறையிலுள்ள உலகநல நிறுவனத்தின் நோய்வகைத் தொகுப்பு, ஆவேசநிலை நோயைத் தனியே கூறினும், மக்கள் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில் நிகழ்வதனை நோயென்று கொள்வதில்லை. வேலன் வெறியாடல் சங்கச் சான்றோர் பாடல்களில் பயின்றுவருவது. அங்கே நோயுற்றவள் தலைவி, ஆடுபவன் வேலன். தலைவியின் மெலிவு முருகனால் வந்ததென்று தாய் கருதுகின்றாள். காதலால் வந்ததென்று தோழி அறிவாள். பெயர் மாறினமையால் ஆட்டுமறி அறுத்துப் பலியிடுகின்றனர்; நோய் தீர்வதில்லை. தோழி உண்மை கூறி வெறியாட்டை விலக்குதல் ‘வெறிவிலக்கு’ என்னும் துறையாக வகுக்கப்பட்டது. பிழைபட்ட பெயர் பிழைபட்ட தீர்வைத் தரும் என்பதனை நம் முன்னோர் ஒரு துறையாகவே பாடியிருத்தல் காண்க.

வெறிவிலக்கில் இழப்பு ஓர் ஆட்டுமறியே. நம் காலத்தில் அது மனிதவுயிராகவும் இருந்தது. 2001 ஆகத்து 6-இல் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். எவ்வகை உளநோயாயினும் ‘பித்து’ என ஒரே பெயரில் அடக்கப்பட்டதன் விளைவாக இதனைக் கருதலாம். 2017-ஆம் ஆண்டு உளநலச் சட்டம் சங்கிலியிடுதலை எவ்வடிவிலும் தடைசெய்துள்ளது.

பெயர்வேறுபாடு மருத்துவவேறுபாடும் ஆம். பிளாய்லர் பெயரிட்ட மனச்சிதைவு நோய்க்கு மருந்தே முதன்மை. விலகல்நோய்க்கெனத் தனி மருந்தில்லை. உடன் தோன்றும் சோர்வுக்கும் அச்சத்திற்குமே மருந்து உதவும். முதலில் அச்சமற்ற நிலையை அளித்து, பின்னர் நினைவுகளை மெல்ல அணுகச் செய்து, இறுதியில் அவற்றை வாழ்வோடு இணைத்தல் என்னும் மூவகைப் படிநிலை உரையாடலே இதற்குரிய மருத்துவம். ஒன்றற்குரியதை மற்றொன்றற்குச் செய்யின் ஆண்டுகள் வீணாகும். இதனை உணர்ந்தே போலும், சப்பானியர் மனச்சிதைவுக்குத் தாம் வழங்கிய ‘உளப்பிளவு’ப் பெயரை 2002-இல் கைவிட்டனர்.

ஆதலின் ‘பிளவு’ என்னும் சொல்லை இரு நோய்களுக்கும் ஒழித்தலே தக்கது. விலகல் என்பது நம் மொழியில் நல்லதொரு சொல். பிளந்த மரம் மீண்டும் ஒட்டுவதில்லை. விலகியவர் மீண்டும் அணுகலாம். நோயுற்றார்க்கும் அவரைப் பேணுவார்க்கும் அந்நம்பிக்கையைப் பெயரளவிலேனும் தருதல் தமிழ் வழங்குவார் கடனாகும்.