மீரியபெத்த: ஆபத்து தெரிந்திருந்த மலை



இராஜாங்கனையின் வான்கதவுகள் திறந்தால் கலா ஓயா பெருகி நம்ம எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் பாயும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணீரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடுவோம், வற்றும்வரை பொறுத்திருப்போம். மலைநாட்டில் அப்படித் திரும்ப இடமில்லாமல் போன ஓர் ஊரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். மழைக்காலத்தில் வேன் பிடித்துப் பதுளைப் பக்கம் சுற்றுலா போகிறவர்களும் கொஞ்சம் வாசியுங்கள்.

மண்சரிவு எங்கே வரும் என்று இலங்கையில் வரைபடம் போடும் வேலை 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கியது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆறு விடயங்களைப் பார்த்து இடத்தைத் தரம் பிரிக்கிறது: அடிப்பாறை, மேல்மண்ணின் தடிப்பு, சரிவு, நீரோட்டம், நிலத்தின் வடிவம், அதில் மனிதன் என்ன செய்கிறான் என்பது. பிறகு மழையை அளக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று ஆகியவற்றைப் பார்க்க எந்தக் கருவியும் தேவையில்லை.

பனி பெய்யும் நாடுகளிலும் இதே கணக்குத்தான். 30 முதல் 45 பாகை வரையான சரிவில்தான் பெரும்பாலும் பனி சரியும். ஐரோப்பாவில் 1993 முதல் பனிச்சரிவு ஆபத்தை 1 முதல் 5 வரை தரம் போட்டு அறிவிக்கிறார்கள். 4 என்றால் சறுக்கி விளையாடப் போகிறவர் வீட்டில் இருந்துகொள்வார். அவர் விரும்பி மலையேறுகிறவர்.

கொஸ்லந்தை மீரியபெத்த தோட்ட மக்களுக்கு மலைதான் வீடு. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். எச்சரித்தும் மக்கள் போகவில்லை என்று பிறகு சிலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. லயம் தோட்டத்துடையது, காணி தோட்டத்துடையது, வேலையும் அங்கேதான். எங்கே போவார்கள்?

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, வாப்பா உம்மாவும் இல்லை. ஓர் ஆசிரியனாக இந்த இடத்தைத் தாண்டி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. மண்ணுக்குள் போன பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளில் தங்கினார்கள், பிறகு மாகல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருடமளவில் கிடந்தார்கள். 2016இல் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. முதல் எச்சரிக்கைக்கும் இந்த வீடுகளுக்கும் இடையில் 11 வருடம்.