கீழப்பாவூர் வட்டாரத்தில் குடும்பம், மாணவர், சமயப் பற்று: உளவியல் கூறுகள்

கீழப்பாவூர், தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரத்தை அடுத்துள்ள பேரூராட்சி. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. குளத்துப் பாசன நெல்லும், காய்கறியும், வீட்டுக்கு வீடு பீடியும் இவ்வட்டாரத்தின் பிழைப்பு. உளவியல் நூல்கள் குடும்ப வாழ்வு, மாணவர் பொருத்தப்பாடு, சமயப் பற்று ஆகியவற்றைத் தனித்தனி அதிகாரங்களாகப் பிரித்துப் பேசும். இங்கே மூன்றுக்கும் அலகு வீடுதான். தனிமனிதரை அளக்கவென்று எழுதப்பட்ட வினாப்பட்டியல்கள் இவ்வட்டாரத்தில் தடுமாறுவது அதனால்தான்.

குடும்பம்

மதியச் சோறு முடிந்ததும் நடையில் சுளகை மடியில் வைத்துப் பெண்கள் அமர்ந்துவிடுவார்கள். நனைத்து வைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்க வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. கூலிக் கணக்கு ஆயிரத்துக்கு. பள்ளிவிட்டு வந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து நுனி மடக்கிக் கொடுப்பாள். பள்ளிக்கதை, அக்கம்பக்கத்துச் செய்தி, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. கையில் சொந்தக் கூலி இருப்பதால் வீட்டுக்குள் பெண்ணின் சொல்லுக்கு எடை கூடியது உண்மை. அதே கூலி, மகளின் படிப்பு நேரத்தையும் தின்றது. பெண் பார்க்க வருபவர்கள் பீடி சுற்றத் தெரியுமா என்று விசாரித்த காலம் வெகு தொலைவில் இல்லை.

ஆண்களில் பலர் சென்னையில் மளிகைக் கடை, கேரளத்தில் வேலை, வளைகுடா என்று வெளியூரில். தகப்பன் ஊரில் இல்லாத வீட்டைக் குறைபட்ட குடும்பமாகக் கொள்ளும் மேலை ஆய்வுகளின் முடிவை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆச்சியும் தாய்மாமனும் அந்த இடத்தில் நிற்கிறார்கள். சில வீடுகளில் தேவைக்கு மேலாகவே நிற்கிறார்கள்.

பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சாத வழக்கமும் கவனிக்கத் தக்கது. மார்க்கு கூடினாலும் பாராட்டு பக்கத்து வீட்டாரிடம்தான் போகும். கண்ணேறு பட்டுவிடும் என்ற அச்சம். தமிழ்க் குடும்பம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலர் மார்கரெட் ட்ராவிக், தம் 1990ஆம் ஆண்டு நூலில் இதை அன்பை மறைத்துக் காக்கும் முறையாகக் கண்டார். டயானா பாம்ரிண்ட் 1960களில் வகுத்த பெற்றோர் வகைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இதே வீடு வெறும் கண்டிப்பான வீடாகத் தெரியும்.

மாணவர்

இந்தியக் கல்வியியல் ஆய்வேடுகளில் மாணவர் பொருத்தப்பாட்டை அளக்கப் பெரிதும் எடுக்கப்படுவது ஏ.கே.பி. சின்ஹா, ஆர்.பி. சிங் இருவரும் உருவாக்கிய வினாப்பட்டியல். மனவெழுச்சி, சமூகம், கல்வி என மூன்று பிரிவு அதில் உண்டு. தமிழ்வழியில் பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் முதல் ஆண்டு இடர் இம்மூன்றிலும் சிதறிக்கிடக்கும். ஆங்கிலப் பாடம் புரியாததை வகுப்பில் கேட்கக் கூச்சம், கேட்காததால் பின்தங்கல், வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். பெண் பிள்ளைகளுக்குக் கடைசிப் பயமே பெரிது. குற்றாலத்தில் 1964இல் தொடங்கிய ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, விடுதிக்கு அனுப்பத் தயங்கிய வீடுகளுக்கு ஒரு வழியைத் திறந்தது. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், மாணவியின் சொந்த வங்கிக் கணக்குக்கு வருகிறது. தொகை சிறிது. ஆனால் படிப்பை நிறுத்தினால் வீட்டுக்கு நட்டம் என்று ஆகிவிடுவதால், அந்தப் பயத்தை அது ஓரளவு தணிக்கிறது.

சமயப் பற்று

கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிப்பது தலைக்கட்டுக் கணக்கில். கல்யாணம் ஆனவன் தனித் தலைக்கட்டு; அன்று முதல் அவனும் வரிக்காரன். பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் வேலை செய்தாலும் குலசாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்வது இவ்வட்டார வழக்கம். தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளிலும் அசன விருந்துக்கு ஊர் திரும்புவோர் அப்படித்தான். நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வந்தாயா என்றுதான் கேட்பார்கள்.

கார்டன் ஆல்போர்ட், மைக்கேல் ராஸ் இருவரும் 1967இல் சமயப் பற்றை உள்ளார்ந்தது, பயன் கருதியது என்று பிரித்தனர். கீழப்பாவூரில் பதினாறு கரங்களுடன் இருக்கும் நரசிம்மர் சன்னதிக்குச் சுவாதி நட்சத்திர நாளில் வருபவர்களை இந்தப் பிரிவில் அடைப்பது கடினம். கடன் தீரவும் மகள் கல்யாணம் கூடவும் நேர்ந்துகொள்ளும் தாய், ஆல்போர்ட் கணக்கில் பயன் கருதும் பக்தை. தனக்கென்று ஒன்றும் கேட்காமல் மாதந்தோறும் அவள் வருவதை அந்த அளவுகோல் எங்கே எழுதும்? கடையம் பக்கத்துப் பொட்டல்புதூர் தர்காவுக்கு நேர்ச்சையோடு போகும் இந்துக் குடும்பங்களும் அவ்வாறே.

மதம் மாறுவதிலும் வீடே அலகு. 1981 பிப்ரவரி 19இல், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் ஒன்றாக இஸ்லாத்தைத் தழுவின. நாடு முழுதும் பேசப்பட்ட அந்த நிகழ்வுக்குப் பணமே காரணம் என்றோர் இருந்தனர். சாதி இழிவைச் சகித்துச் சலித்த மனமே முதன்மைக் காரணம் என்பதே பொருந்துகிறது. உறவுமுறைகள் கூடிப் பேசி எடுத்த முடிவு என்பதால் தனிமனித மனமாற்றம் பற்றிய கோட்பாடுகள் இதற்குப் போதா.

மனநலமும் கோயிலும்

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னதி முன்னுள்ள சக்கரக் குழியில் மனநோயுற்றோரை அமர்த்தி வேண்டுவதும், புற்றுமண் பூசுவதும் பழைய வழக்கம். இதை மூடத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002இல் வெளியான மருத்துவக் கட்டுரை, அவர்களின் அறிகுறிகள் சராசரியாக 20 விழுக்காடு அளவு தணிந்ததைக் காட்டியது. உடன் தங்கிய உறவினரின் கவனிப்பும் அடக்குமுறையற்ற சூழலும் அதற்குத் துணை நின்றன. சங்கிலி இருந்தால் நடப்பது வேறு: 2001 ஆகஸ்ட் 6இல் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்கிறது. நேர்ச்சையை நிறுத்தாமலே மருத்துவரையும் பார்க்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் அழைக்கலாம்.