கூடங்குளமும் திறன் கணிப்பும்: வகை தெரிந்தது, காலம் பிடிபடவில்லை

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட உடன்பாடு, கூடங்குளத்துக்கு தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகளைத் தீர்மானித்தது. உலையின் வகை முடிவானால் பிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், கருவிப் பராமரிப்பாளர் தேவையையும் கணக்கிட்டுவிடலாம். ஒரு வட்டாரத்தின் தொழிற்பயிற்சிக்கு இத்தனை தெளிவான முன்னறிவிப்பு வாய்ப்பது அபூர்வம்.

அந்தக் கணக்கு தப்பியது காலத்தில்தான். சோவியத் ஒன்றியம் சிதறியது. 1998இல் துணை உடன்பாடு போட வேண்டியதாயிற்று. முதல் கான்கிரீட் 2002 மார்ச் 31 அன்று விழுந்தது. மின்கட்டமைப்பில் முதல் உலை இணைந்தது 2013 அக்டோபர் 22 அன்று. உடன்பாட்டு ஆண்டில் பிறந்த பிள்ளைக்கு அதற்குள் இருபத்தைந்து வயது.

பிழைக்கு மூலம் பழைய கோட்பாட்டில் இருக்கிறது. உற்பத்தி இலக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆள்தேவையைச் சொல்லும் முறை 1960களில் செல்வாக்குப் பெற்றது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு தன் மத்தியதரைக் கடல் திட்டத்தில் ஆறு நாடுகளுக்கு அதைச் செய்து பார்த்தது. தில்லியில் மனிதவள ஆய்வுக்கென்றே 1962இல் ஒரு நிறுவனம் எழுந்தது; கோத்தாரி கல்விக் குழுவும் இத்தகைய மதிப்பீடுகளைக் கையாண்டது. இலக்கே தள்ளிப்போனால் பயிற்சி முடித்தவர் என்ன செய்வார் என்பதற்கு அந்த முறையில் இடமே இல்லை.

சந்தையைப் பார்த்துத் தொழில் கற்பிப்பது கூடங்குளம் வட்டாரத்துத் தேரிக்காட்டுக்குப் புதிதன்று. ஆயர் கால்டுவெல்லின் மனைவி எலைசா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அங்கே வாங்க ஆள் இருந்தது, கற்பதற்கும் விற்பதற்கும் இடையே இடைவெளி குறைவு. அணுமின் நிலையத்தில் அந்த இடைவெளி பல ஆண்டு.

இந்திய அணுமின் கழகம் உலையை இயக்குவோரைத் தானே தயாரித்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். பொறியாளர்கள் ரஷ்யாவில் பயின்றார்கள். வளாகத்திலேயே பயிற்சி மையமும் கட்டுப்பாட்டு அறையின் மாதிரிக் கருவியும் வந்தன. உரிமம் இல்லாமல் கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் யாரும் உட்கார முடியாது. ஆனால் இது சிறு கூட்டம். ஊர்க்காரர்கள் வேலை கேட்டது பெரும்பாலும் கட்டுமானத்திலும் பராமரிப்பிலும். அங்கே கான்ட்ராக்ட் முடிந்ததும் ஆள் தேவை மடமடவென்று சரியும். இரண்டாம் உலை 2016இல் இயங்கத் தொடங்கியது. மூன்றாவதற்குக் கான்கிரீட் 2017 ஜூனில்தான் விழுந்தது. நடுவில் ஒரு வெல்டர் எங்கே போவார் என்று எந்த மதிப்பீடும் கேட்பதில்லை.

காற்றாலை இதற்கு நேர்மாறு. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் ஆரம்பித்தது. வரிச்சலுகையால் 1990களில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் இடமெங்கும் கோபுரங்கள் முளைத்தன. யாரும் இதை முன்கூட்டிக் கணிக்கவில்லை. மெக்கானிக்குகள் கோபுரத்தின் மேலேயே வேலை கற்றார்கள். தேசிய அளவிலான காற்று ஆற்றல் மையம் சென்னைக்கு வந்தது 1998இல், அதாவது பன்னிரண்டு ஆண்டு கழித்து. கணிப்பே இல்லாமலும் ஒரு தொழில் வளர்ந்துவிட்டது என்பது கணிப்பாளர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்காது.

ஆகவே வகையைக் கணிப்பதைவிட, காலம் தவறினாலும் கைவிடாத பயிற்சியே முக்கியம் என்பது என் முடிவு. பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற அகன்ற தொழில்களை நன்றாகக் கற்பித்து, டெண்டர் உறுதியான பிறகு சில மாதச் சிறப்புப் பயிற்சி தரலாம். டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழக அரசு சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தது நல்ல முயற்சி. எனினும் ரோபோ, சி.என்.சி. எந்திரங்கள் ஊருக்கு ஊர் ஏறத்தாழ ஒரே அச்சில் வந்தன. ராதாபுரம் பக்கத்துப் பையனுக்கு அருகிலிருக்கும் வேலை காற்றாலை இறகைப் பழுதுபார்ப்பது. பழைய சிறு காற்றாலைகளை மாற்றிப் பெரியவை நிறுவ 2024இல் மாநிலக் கொள்கையே வந்துவிட்டது.

அதே ஆண்டில் ஒன்றிய அமைச்சரவை, குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைக்கு நிதியுதவி ஒப்புக்கொண்டது. கடலில் படகிலிருந்து கோபுரத்துக்குத் தாவும் வேலை அது. அலையை அறிந்த மீனவர்கள் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் இருக்கிறார்கள். அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடியவர்களும் அவர்களே. அவர்களிடம் இப்போதே கலந்துபேசி, உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியை மட்டும் மேலதிகமாகத் தருவது கடினமன்று. அனுமதி கிடைத்த பிறகு ஆள் தேடினால் வெளியூர்க் கான்ட்ராக்டர்தான் ஆட்களைக் கூட்டிவருவார்.