பட்டியலுக்குப் பயந்த நாடு – எஸ்டோனியாவின் எக்ஸ்-ரோடு கதை

எஸ்டோனியா என்ற பெயரைக் கேட்டதும் இப்போதெல்லாம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அங்கே எல்லாமே ஆன்லைன்!" ஓட்டுப் போடுவது ஆன்லைன், வருமான வரி ஆன்லைன், டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டு ஆன்லைன். 2023 மார்ச்சில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் பாதிக்கு மேல் (51 சதவீதம்) இன்டர்நெட் வழியாக விழுந்தவை. பதின்மூன்று லட்சம் சொச்சம் பேர் வாழும் குட்டி நாடு. ஒரு பக்கம் ரஷ்யா, கடலைத் தாண்டினால் பின்லாந்து. "சின்ன நாடு, அதனால் சுலபமாகச் செய்துவிட்டார்கள்" என்று பலர் முடித்துவிடுகிறார்கள்.

அப்படி முடித்துவிட்டால் கதையின் முக்கியமான பாதி விட்டுப்போகும். சின்ன நாடு என்றால் எல்லா மக்களின் விவரங்களையும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் கொட்டி வைப்பதுதானே சுலபம்? எஸ்டோனியா அதை மட்டும் செய்யவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1940-ல் சோவியத் யூனியன் எஸ்டோனியாவைப் பிடித்தது. நடுவில் மூன்று வருடம் ஜெர்மன் ஆக்கிரமிப்பு. 1944-ல் மறுபடியும் சோவியத் ஆட்சி. 1949 மார்ச் 25 அதிகாலையில் ஊர் ஊராக லாரிகள் வந்து நின்றன. யாரை ஏற்ற வேண்டும் என்று அதிகாரிகளின் கையில் பட்டியல் இருந்தது. நாலு நாட்களுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ரயிலேற்றி சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். அந்தச் சிறிய நாட்டில் இந்தக் கதை இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த நினைவுதான் காரணம் என்று பிற்காலத்துச் சட்டம் எதிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அரசாங்கம் கையில் வைத்திருக்கும் ஒரு பட்டியல் என்ன செய்யும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1991 ஆகஸ்ட் 20 அன்று எஸ்டோனியா மீண்டும் சுதந்திர நாடானது. 1992-ல் ரூபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு குரோன் என்ற சொந்தப் பணத்தைக் கொண்டுவந்தார்கள். அதே வருடம் பிரதமரான மார்ட் லார் ஒரு வரலாற்று அறிஞர், வயது 32! கஜானாவில் பணம் இல்லை. பின்லாந்து தன்னிடமிருந்த பழைய அனலாக் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை இலவசமாகத் தர முன்வந்தது, எஸ்டோனியா வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக டிஜிட்டலுக்குப் போனது என்று ஒரு கதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் பழைய சாமான்களைச் சுமக்க வேண்டாம் என்ற மனநிலை நிஜம்.

பணம் இல்லாவிட்டாலும் ஆட்கள் இருந்தார்கள். தாலினில் 1960-லேயே சைபர்நெட்டிக்ஸ் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. கணிதமும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஒரு தலைமுறை அங்கே வளர்ந்திருந்தது. 1996-ல் குடியரசுத் தலைவர் லென்னார்ட் மேரி "புலிப் பாய்ச்சல்" என்ற திட்டத்தை அறிவித்தார். எல்லாப் பள்ளிகளுக்கும் கம்ப்யூட்டர், இன்டர்நெட். யோசனை கொடுத்தவர்களில் ஒருவர், அப்போது அமெரிக்காவில் தூதராக இருந்த தூமஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ். அமெரிக்காவில் அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக வளர்ந்தவர், பள்ளியிலேயே புரோகிராமிங் படித்தவர். பின்னால் இவரே குடியரசுத் தலைவர் ஆனார். புலிப் பாய்ச்சலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதனால் அதை இத்தோடு விடலாம்.

அதே 1996-ல் நடந்த இன்னொரு சம்பவத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பல அரசுத் துறைகளின் டேட்டாபேஸ்களிலிருந்து கசிந்த விவரங்களை ஒன்றாகச் சேர்த்து, "சூப்பர் டேட்டாபேஸ்" என்று ஒருவர் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்! தனித்தனியாக இருந்தபோது பெரிதாகத் தெரியாத விவரங்கள், ஒன்றாகச் சேர்ந்ததும் வேறு ஒன்றாக மாறிவிட்டன. பெயர் ஒரு இடத்தில், வண்டி ஒரு இடத்தில், முகவரி ஒரு இடத்தில் இருந்தால் அது அலுவலகக் கோப்பு. மூன்றும் ஒரே திரையில் வந்தால் அது ஒரு மனிதனின் வாழ்க்கை.

இதை இவ்வளவு எளிதாகச் சேர்க்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்திலேயே எஸ்டோனியா ஒவ்வொருவருக்கும் 11 இலக்க அடையாள எண் கொடுத்துவிட்டது. முதல் இலக்கம் பிறந்த நூற்றாண்டையும் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லும். அடுத்த ஆறு இலக்கம் பிறந்த தேதி. பிறகு மூன்று இலக்க வரிசை எண், கடைசியில் சரிபார்ப்பு இலக்கம். இந்த எண் ரகசியம் இல்லை. எல்லாத் துறைகளும் இதையே பயன்படுத்தின. கணக்கு வழக்குக்கு ரொம்ப வசதி, திருடனுக்கும் அதே வசதி.

அந்த 1996-லேயே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1997-ல் டேட்டாபேஸ்களுக்கென்றே ஒரு சட்டம். 1998-ல் நாடாளுமன்றம் தகவல் கொள்கைக்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. 2000-ல் டிஜிட்டல் கையெழுத்துக்கும் பேனா கையெழுத்துக்கும் ஒரே மதிப்பு என்று சட்டம். அதே வருடம் பொதுத் தகவல் சட்டமும் நிறைவேறியது. கவனித்துப் பாருங்கள், முக்கியமான சட்டங்கள் எல்லாம் முதலில் வந்துவிட்டன. சாஃப்ட்வேர் அப்புறம்தான் வருகிறது. பல நாடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

இப்போது பிரச்சினைக்கு வருவோம். ஒவ்வொரு துறையும் தன் இஷ்டத்துக்கு ஒரு டேட்டாபேஸ் வைத்திருந்தது, வெவ்வேறு சாஃப்ட்வேரில். போலீசுக்கு வண்டியின் பதிவு விவரம் வேண்டும். வரித் துறைக்கு மக்கள்தொகைப் பதிவேடு வேண்டும். எப்படி இணைப்பது? எல்லாவற்றையும் ஒரு பெரிய மையத்துக்கு மாற்றலாம். அதற்குப் பணம் இல்லை. பணம் இருந்திருந்தாலும், சூப்பர் டேட்டாபேஸ் விற்பனைக்கு வந்து ஐந்து வருடம்கூட ஆகாத நிலையில், அரசாங்கமே அப்படி ஒன்றைக் கட்டப் போகிறது என்று யார் தைரியமாகச் சொல்வார்கள்? ஏழ்மையும் பயமும் சேர்ந்து ஒரு நல்ல வேலையைச் செய்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

2001 டிசம்பரில் அறிமுகமான வழிக்குப் பெயர் எக்ஸ்-டீ. எஸ்டோனிய மொழியில் "டீ" என்றால் சாலை. வெளிநாட்டில் எக்ஸ்-ரோடு என்கிறார்கள். பெயருக்கேற்ற மாதிரி இது சாலை மட்டுமே, கிடங்கு இல்லை. தகவல் அந்தந்தத் துறையின் வீட்டிலேயே இருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பாதுகாப்பு சர்வர் நிற்கும். போலீசுக்கு வண்டி விவரம் வேண்டும் என்றால், போலீஸ் வாசல் சர்வர் அந்தக் கேள்வியில் கையெழுத்துப் போட்டு, சங்கேதமாக மாற்றி, சாதாரண இன்டர்நெட் வழியாகவே நேராக வண்டிப் பதிவேட்டின் வாசலுக்கு அனுப்பும். அந்த வாசலில் இருக்கும் சர்வர், "இவருக்கு இதைக் கேட்க அனுமதி உண்டா?" என்று பார்க்கும். உண்டென்றால் பதில் போகும், அதுவும் கையெழுத்தோடு. யாருக்கு அனுமதி என்று முடிவு செய்வது தகவலை வைத்திருக்கும் துறை. நடுவில் இருக்கும் மையத்தின் வேலை, யார் யார் உறுப்பினர் என்ற விவரத்தைப் பராமரிப்பது. கேள்வியும் பதிலும் அதன் வழியாகப் போவதே இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. நடந்த ஒவ்வொரு பரிமாற்றமும் பதிவாகும். ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் கைரேகை மாதிரி ஒரு எண் சேர்ந்திருக்கும். நடுவில் ஒன்றை யாராவது திருத்தினால் அதற்குப் பிறகு வரும் எல்லாக் கைரேகைகளும் பொருந்தாமல் போய்விடும். அதாவது, அதிகாரி ஒருவர் அனுமதியில்லாமல் பார்த்துவிட்டு, பார்த்த தடயத்தை அழிக்க நினைத்தால் அகப்பட்டுக்கொள்வார். பிட்காயின் 2009-ல் வந்தபோது உலகம் வாயைப் பிளந்து பார்த்த சங்கிலிக்கு இது கிட்டத்தட்ட பெரியப்பா பிள்ளை! பதிவுகளை இப்படிக் கோர்ப்பது பற்றி அஹ்தோ புல்டாஸ் போன்ற எஸ்டோனிய ஆய்வாளர்கள் 1990களின் கடைசியிலேயே எழுதிவிட்டார்கள்.

சட்டத்தில் ஒரு சின்ன வரியும் இருக்கிறது: ஒரே தகவலைத் திரட்டுவதற்கென்று தனித்தனி டேட்டாபேஸ்கள் உருவாக்கக் கூடாது. முகவரி மக்கள்தொகைப் பதிவேட்டில் இருக்கிறது என்றால், இன்னொரு துறை தனக்கென்று முகவரிப் புத்தகம் தொடங்க முடியாது, சாலை வழியாகப் போய்க் கேட்க வேண்டியதுதான். இதனால் மக்களுக்கு ஒரே விவரத்தைப் பத்து விண்ணப்பத்தில் எழுதும் வேலை மிச்சம் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: காப்பிகள் குறைகின்றன. திருடுவதற்கு ஒரு இடம் குறைகிறது.

இதெல்லாம் வந்தவுடனே மக்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2002 ஜனவரியில் சிப் வைத்த அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள், கட்டாயமாக. அதை வைத்து என்ன செய்வது என்று பலருக்குத் தெரியவில்லை. குளிர்காலத்தில் கார் கண்ணாடியில் படியும் பனியைச் சுரண்ட நல்ல அட்டை என்று கேலி செய்தார்கள். அரசுச் சேவைகளுக்குக்கூட மக்கள் ரொம்ப நாள் தங்கள் பேங்க் லாகின் வழியாகத்தான் நுழைந்தார்கள். 2005 உள்ளாட்சித் தேர்தலில் முதன்முதலாக இன்டர்நெட் ஓட்டு வந்தபோது அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 9,300 பேர், ஓட்டுப் போட்டவர்களில் 2 சதவீதம்கூட இல்லை.

2007 ஏப்ரலில் முதல் பெரிய சோதனை. தாலின் நகரின் நடுவே நின்ற சோவியத் காலத்து வெண்கலப் போர்வீரன் சிலையை அரசு இடம் மாற்றியது. கலவரம் வெடித்தது. கூடவே அரசு, பேங்க், பத்திரிகை வெப்சைட்டுகள் மேல் சரமாரியாகப் போலிப் போக்குவரத்து வந்து குவிந்தது. மூன்று வாரம் விட்டு விட்டுத் தொடர்ந்தது. வெப்சைட்டுகள் முடங்கின. ஆனால் இது வாசலை அடைக்கும் தாக்குதல், வீட்டுக்குள் புகுந்து திருடும் தாக்குதல் இல்லை. அடுத்த வருடம் நேட்டோவின் சைபர் பாதுகாப்பு மையம் தாலினிலேயே தொடங்கப்பட்டது.

இரண்டாவது சோதனை 2017-ல். செக் நாட்டின் ப்ர்னோ நகரிலுள்ள மசாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சிப்பில் குறை கண்டுபிடித்தார்கள். அதே சிப் எஸ்டோனியாவின் சுமார் ஏழரை லட்சம் அடையாள அட்டைகளில் இருந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம்தான் பாக்கி. பிரதமர் யூரி ரதாஸ் செப்டம்பர் 5 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். யாரும் இன்னும் அதைப் பயன்படுத்தித் திருடவில்லை, மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை! இன்டர்நெட் ஓட்டும் நிற்கவில்லை. நவம்பரில் பழைய சான்றிதழ்களை நிறுத்தி வைத்து, புதுப்பித்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்த மொத்தக் கதையிலும் அதிகம் பாராட்ட வேண்டியது அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பைத்தான் என்று தோன்றுகிறது. சாஃப்ட்வேரைக் காப்பியடிக்கலாம், பின்லாந்து எக்ஸ்-ரோடை எடுத்துக்கொண்டு இரு நாடுகளும் சேர்ந்தே அதைப் பராமரிக்கின்றன. அந்தச் சந்திப்பைக் காப்பியடிப்பது கஷ்டம்.

அதே 2017-ல் லக்சம்பர்க்கோடு ஒரு ஒப்பந்தம். எஸ்டோனியாவின் முக்கியமான டேட்டாபேஸ்களின் பிரதிகள் அங்கே ஒரு மையத்தில் இருக்கும். தூதரகத்துக்கு உள்ள பாதுகாப்பு அந்த அறைக்கும் உண்டு. நாளைக்கு நாடே பறிபோனாலும் நிலம் யாருடையது, குடிமகன் யார் என்ற விவரம் தப்பிக்க வேண்டும் என்ற கணக்கு. 1940-ஐ மறக்காத மனதிலிருந்து மட்டுமே இப்படி ஒரு யோசனை வரும். காப்பியே வேண்டாம் என்று சொன்ன நாடு, ஒரே ஒரு வகைக் காப்பியை மட்டும் யோசித்து, ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டது.

தன் விவரத்தை எந்தத் துறை பார்த்தது என்று குடிமக்களே ஆன்லைனில் பார்க்கும் வசதியும் வந்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாமல், வெறும் ஆர்வத்தில் அடுத்தவர் விவரத்தைப் பார்த்த அதிகாரிகள் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லா டேட்டாபேஸும் இந்த வசதியில் சேரவில்லை. போலீஸ் விசாரணை போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. வெளியில் விளம்பரம் செய்யும்போது இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டைகளும் விழுந்தன. 2021-ல் தாலினைச் சேர்ந்த ஒருவர் அரசு அமைப்பிலிருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி சுமார் 2,86,000 பேரின் அடையாள அட்டைப் புகைப்படங்களை இறக்கிக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்த அடையாள எண்தான் அவருக்கும் பயன்பட்டது. 2024-ல் அதைவிடப் பெரியது வெளியே வந்தது. ஒரு மருந்துக்கடைச் சங்கிலியின் வாடிக்கையாளர் அட்டை விவரங்கள் களவு போயின. கிட்டத்தட்ட ஏழு லட்சம் அடையாள எண்கள், அதாவது நாட்டில் பாதிப் பேர். சிலர் என்ன வாங்கினார்கள் என்ற விவரமும் அதில் இருந்தது. அது தனியார் நிறுவனத்தின் தகவல், எக்ஸ்-டீ சாலையில் போனது இல்லை. திருடன் கை வைத்தது புழக்கத்தில் இருந்த டேட்டாபேஸில்கூட இல்லை, 2014 முதல் 2020 வரையான விவரங்கள் கொண்ட பழைய பேக்கப் காப்பி ஒன்றில்.