ஈஸ்ட் செல்களில் புரத உற்பத்தியும் வெப்பநிலையும்: ஒரு வரலாறு

மரபணு மாற்றப்பட்ட ஈஸ்ட் (மதுவம், நொதியம்) செல்களைக் கொண்டு மருந்துப் புரதங்களையும் தடுப்பூசிகளையும் தயாரிக்கும் முறை 1980களில் நடைமுறைக்கு வந்தது. ஈஸ்ட் வளர்க்கப்படும் கலனின் வெப்பநிலை, கிடைக்கும் புரதத்தின் அளவையும் தரத்தையும் பெரிதும் பாதிக்கிறது. ஈஸ்ட் விரைவாக வளர்வதற்கு ஏற்ற வெப்பநிலையும், அது நல்ல புரதம் தருவதற்கு ஏற்ற வெப்பநிலையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வுண்மை படிப்படியாகவே அறியப்பட்டது.

முன்வரலாறு: குளிரில் நொதித்தல்

ஈஸ்டுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை முதலில் உணர்ந்தவர்கள் பீர் வடிப்போர். கோடையில் வடித்த பீர் எளிதில் கெட்டுவிட்டதால், ஜெர்மனியின் பவேரியா பகுதியில் 1553இல் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் வடிக்கலாம் என்பது அந்த ஆணை. குளிரில் மெதுவாக நொதிக்கும் 'லாகர்' வகை பீர் அப்பகுதியில் வேரூன்ற இது துணைசெய்தது.

நொதித்தல் உயிருள்ள செல்களின் செயல் என்பதை 1850களிலும் 1860களிலும் லூயி பாஸ்டர் நிறுவினார். 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். இதன் பின்னர், ஒரு குறிப்பிட்ட ஈஸ்ட் எந்த வெப்பநிலையில் எப்படிச் செயல்படுகிறது என்பதை முறையாக ஆராய்வது எளிதாயிற்று.

வெப்பம் தாங்காத ஈஸ்டுகள்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் ஹார்ட்வெல், ரொட்டி ஈஸ்டில் புதுவகைச் சடுதிமாற்றங்களைத் தேடினார். அவர் கண்டறிந்த ஈஸ்டுகள் 23 டிகிரி செல்சியஸில் இயல்பாக வளர்ந்தன. 36 டிகிரியில் அவற்றின் வளர்ச்சி நின்றுபோனது. இத்தகைய ஈஸ்டுகளில் ஏதேனும் ஒரு புரதத்தின் அமைப்பு சற்று மாறியிருக்கும். குளிர்ச்சியில் அப்புரதம் தன் வடிவத்தைக் காத்துக்கொள்ளும். வெப்பத்தில் வடிவம் குலைந்து செயலிழக்கும். இந்த ஈஸ்டுகளைக் கொண்டு செல் பிரியும் முறையை ஆராய்ந்ததற்காக ஹார்ட்வெல் 2001ஆம் ஆண்டின் நோபல் பரிசை பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

அவருடைய நோக்கம் மருந்து தயாரிப்பு அன்று. எனினும், சில டிகிரி வேறுபாடே ஒரு புரதத்தைச் செயல்படவோ செயலிழக்கவோ செய்யும் என்பதை இவ்வாய்வு தெளிவாகக் காட்டியது.

மரபணுப் பொறியியலும் தடுப்பூசியும்

1978இல் ஹின்னென், ஹிக்ஸ், ஃபிங்க் ஆகியோர் வெளியிலிருந்து மரபணுவை ஈஸ்ட் செல்லுக்குள் செலுத்திக் காட்டினர். 1981இல் மனித இண்டர்ஃபெரான் என்னும் புரதம் ஈஸ்டில் உருவாக்கப்பட்டது. 1982இல் ஹெப்படைட்டிஸ் பி வைரசின் மேற்பரப்புப் புரதம் ஈஸ்டில் பெறப்பட்டது. அது நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படும் வைரஸ் புரதத் துகள்களை ஒத்திருந்தது.

இதன் முக்கியத்துவம் பெரிது. ஹெப்படைட்டிஸ் பி நாள்பட்ட நிலையில் கல்லீரல் இறுக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இட்டுச்செல்லக்கூடியது. 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் தடுப்பூசி, இந்நோய்க் கிருமியைச் சுமப்பவர்களின் இரத்த நீர்மத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் அளவு வரம்புக்குட்பட்டது. பிறர் இரத்தத்திலிருந்து வந்தது என்பதால் மக்களிடம் அச்சமும் இருந்தது. 1986இல் ஒப்புதல் பெற்ற ஈஸ்ட் தடுப்பூசி இவ்விரு தடைகளையும் நீக்கியது. மரபணுப் பொறியியல் வழியாக மனிதருக்குக் கிடைத்த முதல் தடுப்பூசி இதுவே.

வெப்பநிலை ஒரு விசையாக

ஈஸ்டால் வேற்றுப் புரதத்தை ஆக்க முடியும் என்பது உறுதியானதும், அதை எப்போது ஆக்கச் செய்வது என்ற கேள்வி எழுந்தது. தொடக்கத்திலிருந்தே வேற்றுப் புரதத்தை ஆக்கும் செல்கள் அச்சுமையால் நன்கு வளராமல் போகலாம். முதலில் செல்களைப் பெருக்கி, பின்னர் உற்பத்தியைத் தொடங்குவது நல்ல வழி.

1984இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வெப்பநிலையையே விசையாகப் பயன்படுத்தியது. இண்டர்ஃபெரான் மரபணுவைக் கட்டுப்படுத்தும் ஈஸ்ட் புரதம் ஒன்று வெப்பம் தாங்காத வகையாக மாற்றப்பட்டிருந்தது. 35 டிகிரியில் ஈஸ்ட் வளர்ந்தது. இண்டர்ஃபெரான் உற்பத்தி அடங்கியிருந்தது. 23 டிகிரிக்குக் குளிர்வித்ததும் உற்பத்தி தொடங்கியது. ஹார்ட்வெல் காலத்து ஆய்வுக்கருவி இவ்வாறு உற்பத்திக் கருவியாக மாறியது.

பிக்கியா பாஸ்டோரிஸ்

மெத்தனாலை உண்டு வாழும் ஈஸ்டுகள் உண்டு என்பதை 1969இல் ஜப்பானியரான கோயிச்சி ஒகாடா அறிவித்தார். 1970களில் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனம், அவ்வகையைச் சேர்ந்த பிக்கியா பாஸ்டோரிஸைக் கால்நடைத் தீவனமாக வளர்க்க முயன்றது. எண்ணெய் நெருக்கடியால் மெத்தனால் வழித் தீவனம் சோயாவுடன் போட்டியிட முடியாமல் போனது. 1980களில் அதே ஈஸ்ட் மருந்துப் புரதங்களுக்கான உயிரியாக மறுபிறவி எடுத்தது. மெத்தனால் சேர்த்தால் மட்டும் முழு வேகத்தில் இயங்கும் அதன் மரபணுப் பகுதி, உற்பத்தியைத் தொடங்கும் விசையாயிற்று.

இந்த ஈஸ்ட் 28 முதல் 30 டிகிரி வரை நன்கு வளரும். 32 டிகிரிக்கு மேல் புரத உற்பத்தி பாதிக்கப்படும்; செல்களும் இறக்கத் தொடங்கும். அப்படியானால் 30 டிகிரியே சிறந்தது எனத் தோன்றலாம். 2001இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விடை தந்தது. குளிர்கடல் மீனான ஹெர்ரிங்கின் உறைதடுப்புப் புரதத்தை பிக்கியாவில் ஆக்கியபோது, வெப்பநிலையை 30 டிகிரியிலிருந்து 23 டிகிரிக்குக் குறைத்ததும் விளைச்சல் ஏறத்தாழ மூன்று மடங்கானது.

காரணங்கள்

புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அது சரியான வடிவில் மடிந்தால்தான் பயன்தரும். செல்லிலிருந்து வெளியேற வேண்டிய புரதங்கள் எண்டோபிளாச வலைப்பின்னல் என்னும் பகுதியில் மடிகின்றன. அவசரமாகத் தொடுத்த பூச்சரத்தில் முடிச்சு நழுவுவதுபோல, சங்கிலிகள் மிக வேகமாக வந்து குவிந்தால் மடிப்புப் பிழைகள் பெருகுகின்றன. பிழையானவற்றைச் செல் அழித்துவிடுகிறது. மடியாத புரதம் குவிவதைச் செல் எவ்வாறு உணர்கிறது என்பதை 1993இல் பீட்டர் வால்டரின் குழுவும் கசுதோஷி மோரி பங்கேற்ற குழுவும் ஈஸ்டிலேயே கண்டறிந்தன. குளிர்ச்சியில் சங்கிலிகள் மெதுவாக உருவாவதால் மடிவதற்கு நேரம் கிடைக்கிறது.

வேறு இரு காரணங்களும் உள்ளன. குளிர்ந்த சூழலில் குறைவான செல்களே இறக்கின்றன. ஆகவே இறந்த செல்களிலிருந்து கசியும் நொதிகள் புரதத்தைச் சிதைப்பதும் குறைகிறது. மேலும், குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். மெத்தனாலை உண்ணும் ஈஸ்டுக்கு ஆக்சிஜன் மிகுதியாகத் தேவை.

வரம்புகளும் பயனும்

குளிர்விப்பது எல்லாப் புரதங்களுக்கும் பலன் தருவதில்லை. வளர்ச்சி மெதுவாவதால் காலம் கூடுகிறது. மெத்தனாலை உண்ணும்போது ஈஸ்ட் வெளியிடும் வெப்பத்தைப் பெரிய கலன்களிலிருந்து அகற்றுவது செலவு மிக்க வேலை. ஆகவே பல இடங்களில் இரு கட்ட முறை பின்பற்றப்படுகிறது: 30 டிகிரியில் செல்களைப் பெருக்கி, மெத்தனால் சேர்க்கும் கட்டத்தில் வெப்பநிலையைக் குறைப்பது. எத்தனை டிகிரி குறைப்பது என்பதை ஒவ்வொரு புரதத்துக்கும் தனியே சோதித்தே முடிவு செய்கின்றனர்.

இத்தகைய ஈஸ்ட் தொழில்நுட்பங்களின் பயன் இந்தியாவையும் எட்டியது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், பிக்கியாவில் ஆக்கிய ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை வெளியிட்டது. அதுவரை இறக்குமதியை நம்பியிருந்த இத்தடுப்பூசியின் விலை அதன்பின் வெகுவாகக் குறைந்தது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்ட ஐந்து நோய்த் தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பும் அடங்கும். குழந்தைகளுக்குப் போடப்படும் அத்தடுப்பூசியின் அந்தப் பகுதி, வெப்பநிலை கண்காணிக்கப்படும் கலன்களில் ஈஸ்ட் செல்கள் ஆக்கித் தந்த புரதமே ஆகும்.