கோட்டை நகரைக் காத்த நீர்

கோட்டை என்றவுடன் தமிழர் பலரின் நினைவில் எழுவது கொழும்புப் புகையிரத நிலையமும் அதனை அடுத்த வணிகத் தெருக்களுமேயாம். ஆயின், இலங்கை வரலாற்றிற் கோட்டை இராச்சியம் எனப் பேசப்படுவதன் தலைநகர் அதுவன்று. கொழும்பின் தென்கிழக்கே, தியவன்னா ஓயாவின் கரையில் அமைந்த ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையே அது. மாலை வேளைகளில் அங்குள்ள பூங்காக்களில் உலாவ வருவோர் நீர்ப்பரப்பின் அழகைக் கண்டு மகிழ்கின்றனர். அந்நீர் ஒரு காலத்தில் ஓர் அரசின் அரணாக விளங்கியதை அறிந்தோர் சிலரே.

14ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆணை மேற்குக் கரையோரத்திலும் பரவி, அவர்தம் அதிகாரிகள் அங்கு வரி தண்டினர். அவ்வதிகாரத்தை எதிர்க்கத் துணிந்த அளகக்கோனார் என்னும் அமைச்சர் கோட்டை அமைக்கத் தெரிந்தெடுத்த இடம் இதுவாகும். மூன்று புறமும் சேறும் நீரும் சூழ்ந்த சதுப்பு நிலம். தெற்கே மட்டும் ஒடுங்கிய நிலவழி. அவ்வழியை அகழியாலும் மதிலாலும் அடைத்துவிடின் பகைவர் நெருங்குதல் அரிது. எத்துல் கோட்டை, பிட்ட கோட்டை என இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள் அரணின் உள்ளையும் புறத்தையும் சுட்டுவனவாம்.

15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு இந்நகரைத் தலைநகராக்கி ஆண்டான். தமிழர் செண்பகப் பெருமாள் என அழைக்கும் சப்புமல் குமாரயா, 1450ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தை வென்றது இவன் காலத்திலேயாம். தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் இயற்றிய செலலிஹினி சந்தேசய என்னும் சிங்களத் தூது காவியத்தில், களனிக்குத் தூது செல்லும் பறவை புறப்படுவது இந்நகரிலிருந்துதான்.

ஆயினும், நீரரண் எத்துணை வலியதாயினும் அரச குடும்பத்துள் எழும் பிளவைத் தடுக்க வல்லதன்று. 1521இல் ஏழாம் விஜயபாகு கொல்லப்பட, அவன் மைந்தர் மூவரும் நாட்டைப் பங்கிட்டுக் கொண்டனர். சீதாவாக்கை மாயாதுன்னையின் படைகள் கோட்டையைப் பலமுறை முற்றுகையிட்டன. போர்த்துக்கேயரின் துணையை நாடிய கோட்டை அரசு அவர்கள் கைப்பாவையாயிற்று. 1565இல் போர்த்துக்கேயர் நகரைக் கைவிட்டு, மன்னன் தர்மபாலனையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றனர். மாளிகைகள் அழிந்தன. சதுப்பு நிலமோ எஞ்சி நின்றது.

நான்கு நூற்றாண்டுகளின் பின், 1979இல் புதிய பாராளுமன்றத்தை இங்கு அமைக்கத் தீர்மானிக்கப்பட்டது. சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே தீவொன்றில் ஜெப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்த மாளிகை 1982இல் திறந்துவைக்கப்பட்டது. 2012இல் பத்தரமுல்லைப் பக்கத்தே தியத்த உயன என்னும் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. பெத்தகான ஈரநிலப் பூங்காவிலோ மரப்பாலங்களின் மேல் நடந்து, கொக்கும் நாரையும் இரைதேடும் சதுப்பை அதன் இயல்பிலேயே காணலாம்.

இச்சதுப்புகளைப் பயனற்ற நிலமெனக் கருதி மண்ணிட்டு நிரப்புவோர் ஓர் உண்மையை மறந்துவிடுகின்றனர். பெருமழை பெய்யுங்கால் வழிந்தோடும் நீரைத் தாங்கி வைத்து, கால்வாய்களின் வழியே சிறிது சிறிதாக வெளியேற்றுவன இவையே. தாங்கும் இடம் குறையின் நீர் வீடுகளை நாடும். 2010 நவம்பரிற் பெய்த ஓரிரவு மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்துள் அகப்பட்டமை இதற்குச் சான்றாகும். ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்னும் அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களுள் கொழும்பும் 2018இல் இடம்பெற்றது. அச்சிறப்பு வெறும் பட்டமாகாது நிலைப்பது இச்சதுப்புகள் நிலைப்பதைப் பொறுத்ததே.

அன்று பகைவரைத் தடுத்த நீர் இன்று வெள்ளத்தைத் தடுக்கின்றது. கோட்டைக்குச் செல்வோர் பிட்ட கோட்டையில் வீடுகளின் இடையே எஞ்சிய மதிற் பகுதிகளையும் பார்த்தல் நன்று. மதில் இடிந்தபின் மீள எழுப்பலாம். தூர்ந்துபோன சதுப்பை மீளப் பெறுதல் எளிதன்று.