எட்வர்ட் கல்லன்

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெஃபனி மேயர் 2005-இல் வெளியிட்ட ‘ட்விலைட்’ நாவலின் நாயகனான இரத்தக்காட்டேரி. சிகாகோவில் 1901-இல் பிறந்து, 1918-இல் ஸ்பானிய இன்ஃபுளூயன்சாக் காய்ச்சலால் சாகும் தறுவாயில் மருத்துவர் கார்லைல் கல்லனால் இரத்தக்காட்டேரியாக மாற்றப்பட்ட இவன், என்றும் பதினேழு வயதினனாக, வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்க்ஸ் என்னும் மழையூரில் பள்ளி மாணவனாக நடித்து வாழ்கிறான். இவன் குடும்பத்தார் மனித இரத்தத்தைத் தவிர்த்து விலங்குகளை வேட்டையாடிப் பசியாறுவதால், அவர்களது கண்கள் பொன்னிறம் கொண்டு, தாகம் மிகும்போது கருக்கின்றன.

பிறர் எண்ணங்களைக் கேட்க வல்ல இவனுக்கு, உயிரியல் வகுப்பில் அருகே வந்தமரும் பெல்லா ஸ்வானின் மனம் மட்டும் எட்டுவதில்லை. அவளது இரத்தத்தின் மணமோ வேறெவருடையதையும்விட இவனை வெறிகொள்ளச் செய்கிறது. இந்நிலைக்கு ஆளாக்கும் மனிதரை இக்கதையுலகின் இரத்தக்காட்டேரிகள் ‘பாடகி’ என்னும் பொருள்படும் இத்தாலியச் சொல்லால் சுட்டுவர். எட்வர்டின் பார்வையில் அமைந்த ‘மிட்நைட் சன்’ (2020) இப்போராட்டத்தை விரிக்கிறது: முதல் நாளிலேயே வகுப்பு முழுவதையும் கொன்றுவிடலாமா என்று கணக்கிடும் இவன், மேசையின் அடிவிளிம்பை இறுகப் பற்ற, மரம் நொறுங்கி விரல்தடம் பதிகிறது, பின்பு அத்தடத்தையும் பொடியாக்கி மறைக்கிறான். அலாஸ்காவுக்கு ஓடித் திரும்பிய பிறகே கொலைவெறி மெல்லக் காதலாகிறது. எனினும், உறங்கும் பெல்லாவின் அறைக்குள் இரவில் நுழைந்து காத்திருப்பதைக் காதலென்று ஏற்பது கடினமே. 2008-இல் ‘மிட்நைட் சன்’ நூலின் முற்றுப்பெறாத கைப்பிரதி கசிந்ததால் மேயர் அதை நெடுங்காலம் கிடப்பில் போட்டிருந்தார். அதே ஆண்டு வெளியான ‘ட்விலைட்’ திரைப்படத்தில் ராபர்ட் பாட்டின்சன் எட்வர்டாக நடித்தார்.